42 ஆயிரம் ரூபாய் கேபிளும் குப்பைத்தொட்டில கெடந்த பழைய ஒயரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாசம் ஞாயித்துக்கிழமை இணைப்புல வீட்டு ஸ்டீரியோ பத்தி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, அதுல பாதிக்கு மேல கேபிள் புராணம்தான். நல்ல கேபிள் போட்டா பாடறவங்க மூச்சு இழுக்கறது கூட கேக்கும், தபேலாவோட தோல் அதிர்றது தனியா தெரியும், சாதா ஒயர் போட்டா அதெல்லாம் அமுங்கிப் போயிடும்னு எழுதியிருந்தாங்க. எழுதினவர் மேல எனக்கு கோவம் இல்ல, அவர் காது அவருக்கு. ஆனா அந்த பக்கத்த கிழிச்சு நாலா மடிச்சு சட்டைப் பாக்கெட்ல வச்சுக்கிட்டு என் மச்சினன் கடைக்கு போயி 42,000 ரூபாய்க்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் கேபிள் வாங்கிட்டு வந்து நிக்கறான், அவன் ஆம்ப்ளிஃபயரே அந்த விலை இல்ல சார். அதான் இந்த கடுதாசி. கொஞ்சம் நீளமாதான் வரும், எடம் இல்லன்னா எங்க வேணா வெட்டிக்குங்க, ஒயர் கணக்கு இருக்கற எடத்த மட்டும் வெட்டிடாதீங்க.

நான் யாருன்னு கேட்டா, திண்டுக்கல் பக்கம் முப்பது வருஷம் மைக் செட் வச்சிருந்தவன். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் கோயில் திருவிழா, எலெக்‌ஷன் கூட்டம் எல்லாத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டினவன். இப்ப கடை இல்ல, பழைய ஆம்ப்ளிஃபயர் யாராச்சும் கொண்டு வந்தா உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன்.

மொதல்ல ஒண்ண நேர்மையா சொல்லிடறேன். மச்சினன் போன் பண்ணி, அத்தான் நீங்க என்ன வேணா சொல்லுங்க, வந்து ஒருதடவை கேட்டுட்டு அப்புறம் பேசுங்கன்னான். போனேன். ஹால்ல உக்காந்தேன். சார், நெஜமாவே நல்லா இருந்துச்சு! கொரல் ரெண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவுல ஆள் உக்காந்து பாடறாப்ல நின்னுச்சு, பேஸ் வயித்துல வந்து இடிச்சுது. இதே செட்ட ஆறு மாசம் முன்னாடி கேட்டப்ப ஏதோ காத்துல கரைஞ்ச மாதிரி, சத்தம் எங்கேருந்து வருதுன்னே தெரியாம, பேஸே இல்லாம இருந்துச்சு. அன்னிக்கே ஸ்பீக்கர் சரியில்லடான்னு நானே சொல்லியிருக்கேன். இப்ப கேபிள மட்டும் மாத்திட்டு இந்த வித்தியாசம்னா எப்பிடி? முப்பது வருஷம் ஒயரோட பொழச்சவனுக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

காலைல மறுபடி போயி, பழைய ஒயர் எங்கடான்னு கேட்டேன். குப்பைத்தொட்டில போட்டுட்டேன்னான். நல்லவேளை குப்பை வண்டி வரல. எடுத்து தொடச்சு தரைல நீட்டிப் போட்டு பாத்தா கதை அங்க இருக்கு. செட் வாங்கினப்ப அட்டைப்பெட்டிலயே குடுத்த செவப்பு கருப்பு ஒயர், நூல் மாதிரி, குறுக்க வெட்டினா செம்போட பரப்பு அரை சதுர மில்லிமீட்டர் இருந்தா பெருசு. ஒரு பக்கத்துக்கு நீளம் பத்தலன்னு நடுவுல வேற ஒயர் போட்டு முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தியிருக்கு. டேப்ப பிரிச்சா பசை உருகி கையில ஒட்டுது, உள்ள செம்பு பச்சையா களிம்பு புடிச்சு, முறுக்கின பதினஞ்சு இழைல பாதி ஒடிஞ்சு தொங்குது. அதெல்லாம் கூட போகட்டும். அந்த ஜாயிண்ட்ல செவப்ப கருப்போடயும் கருப்ப செவப்போடயும் சேத்து வச்சிருக்கான் மகராசன்! யாருடா முறுக்கினதுன்னா, நான்தான் அத்தான், வீடு மாத்தினப்ப அவசரத்துலன்னு தலைய சொரியறான்.

இது என்ன பண்ணும்னு தெரியாதவங்களுக்கு சொல்றேன். ரெண்டு ஸ்பீக்கர்லயும் பிளஸ் மைனஸ் ஒரே மாதிரி இருந்தா ரெண்டு கோனும் (ஸ்பீக்கர் முகத்துல அதிர்ற கூம்பு) சேர்ந்து முன்னாடி வரும், சேர்ந்து பின்னாடி போகும். ஒண்ணுல மாறிப்போச்சுன்னா ஒண்ணு காத்த தள்ளும்போது இன்னொண்ணு உறிஞ்சும். பேஸ் ரெண்டு பக்கமும் ஒண்ணுக்கொண்ணு அடிச்சு காணாம போயிடும், நடுவுல நிக்க வேண்டிய கொரல் நடுவுல நிக்காது. சர்வீஸ்ல இதுக்கு அவுட் ஆஃப் ஃபேஸ்னு சொல்லுவோம். மச்சினன் வீட்ல ரெண்டு வருஷமா நடந்தது இதுதான். புதுக் கேபிள்ல ஜாயிண்ட் இல்ல, ரெண்டு முனைலயும் செவப்பு கருப்பு பளிச்சுனு அடையாளம் இருக்கு, தப்பா மாட்ட முடியாது, அதனால ஃபேஸ் தானா சரியாயிடுச்சு. அதோட மாட்டறப்ப ஸ்பீக்கர் டெர்மினல துணி போட்டு தொடச்சிருக்கான், நல்லா முறுக்கி டைட் வச்சிருக்கான். 42,000 ரூபாய்க்கு கெடைச்ச சத்தம் அதுதான் சார். உங்க வீட்டு ஸ்பீக்கர்ல சந்தேகமா இருந்தா ஆம்ப்ளிஃபயர்லேருந்து ஒயர கழட்டிட்டு, அந்த முனைல ஒண்ணரை வோல்ட் பென்சில் பேட்டரிய ஒரு நொடி தொட்டு பாருங்க, செவப்புல பிளஸ் வச்சா ரெண்டு ஊஃபரும் (பேஸ் குடுக்கற பெரிய கோன்) ஒரே பக்கம் நகரணும். ஒண்ணு வெளிய வந்து ஒண்ணு உள்ள போனா எங்கயோ மாறியிருக்குன்னு அர்த்தம்.

அப்ப ஒயருக்கு வேலையே இல்லையான்னா, இருக்கு, நல்லாவே இருக்கு, அத மைக் செட்காரன விட எவனும் பட்டிருக்க மாட்டான். திருவிழாவுல கோயில் வாசல்ல ஆம்ப்ளிஃபயர், குழாய் ஒண்ணு ஊர் எல்லைல புளியமரத்துல. எட்டு ஓம் (ஓம்ங்கறது ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்ட தடுக்கற அளவு) குழாய்க்கு நூறு மீட்டர் தள்ளி ஒண்ணரை சதுர மில்லி ஒயர்ல நேரா குடுத்தோம்னா, போக நூறு வர நூறு, ஒயரே ரெண்டரை ஓமுக்கு மேல நிக்கும். பக்கத்துல மாட்டியிருந்தா 100 வாட் எடுத்திருக்கிற குழாய்க்கு அங்க போய் சேர்றது 56 வாட்தான், ஒரு 19 வாட் ஒயர சூடாக்கிட்டு போயிடும். அதனாலதான் அகூஜா மாதிரி மைக் செட் ஆம்ப்ளிஃபயர் பின்னாடி 100 வோல்ட்னு தனி டெர்மினல் இருக்கும், குழாய் பக்கத்துல ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் தொங்கும். வோல்டேஜ ஏத்தினா ஆம்பியர் கொறையும், மூணரை ஆம்பியர் போற எடத்துல ஒரு ஆம்பியர்தான் போகும், அதே ஒயர்ல இப்ப 95 வாட் போய் சேரும். கரண்டு ஆபீஸ்காரங்க ஊருக்கு ஊர் பெரிய டவர்ல லைன் இழுக்கறதும் இதே கணக்குதான். ஒயர் என்ன விலைன்னு அங்க யாரும் கேக்கறதில்ல, எத்தன ஓம்னுதான் கேப்பாங்க.

வீட்டுக்கும் அதே கணக்க போட்டுப் பாக்கலாம். மச்சினன் ஹால்ல ஒரு பக்கத்துக்கு நாலு மீட்டர், போக வர எட்டு. பழைய அரை சதுர மில்லி ஒயர்ல (ஜாயிண்ட விட்டுடுங்க) அது 0.31 ஓம். ரெண்டரை சதுர மில்லில 0.064 ஓம். ஸ்பீக்கர் பின்னாடி எட்டு ஓம்னு போட்டிருந்தாலும் அது எல்லா சுருதிக்கும் எட்டா இருக்காது, ஒரு எடத்துல ஆறுக்கு எறங்கும், பேஸ்ல ஒரு எடத்துல முப்பதுக்கு ஏறும். அப்பிடி ஏறி எறங்கறப்ப மெல்லிசு ஒயர் ஒரு எடத்துல கொஞ்சம் அதிகமா திங்கும், ஒரு எடத்துல கம்மியா திங்கும், அந்த வித்தியாசம் மூணுல ஒரு பங்கு டெசிபல் (சத்தத்த அளக்கற கணக்கு) வரும். ரொம்ப கூர்ந்து கேக்கறவங்களுக்கு பிடிபட்டாலும் படலாம். நாலு ஓம் ஸ்பீக்கர், பத்து மீட்டர் தூரம்னா நிச்சயம் பிடிபடும். மச்சினன் வீட்டு நாலு மீட்டருக்கு ரெண்டரை சதுர மில்லி குண்டு ஒயர்ல அந்த வித்தியாசம் 0.07 டெசிபல், அத எந்த காதும் பிடிக்காது. மொத்த ஒயர் ரெசிஸ்டன்ஸ் ஸ்பீக்கர் ஓம்ல அஞ்சு சதவீதத்துக்குள்ள இருந்தா போதும்னு தொழில்ல ஒரு கணக்கு உண்டு, எட்டு ஓமுக்கு 0.4, நாலு ஓமுக்கு 0.2. என்னைக் கேட்டா அதுலயும் பாதிக்குள்ள வச்சுக்கங்கன்னு சொல்லுவேன், பெரிய செலவு ஒண்ணும் இல்லையே.

இதெல்லாம் சொன்னா மச்சினன் ஒத்துக்கிட்டானா? இல்ல. அத்தான், உங்க கணக்கு வேற, காது வேறங்கறான். சரிடான்னு எலக்ட்ரிகல் கடைல ஐஎஸ்ஐ முத்திரை போட்ட ரெண்டரை சதுர மில்லி செம்பு ஒயர், வீட்டுக்கு பைப்புக்குள்ள இழுப்பாங்களே அதேதான், செவப்பு எட்டு மீட்டர் கருப்பு எட்டு மீட்டர் வாங்கினேன், ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. கையாலயே முறுக்கி பின்னல் மாதிரி போட்டு, முனைய சீவி, ரெண்டு கேபிளையும் ஸ்பீக்கர்ல ஒண்ணா மாட்டிட்டு, ஆம்ப்ளிஃபயர் பக்கம் மட்டும் ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வச்சேன், பக்கத்துக்கு ஒண்ணு. இந்தப்பக்கம் தட்டினா 42,000, அந்தப்பக்கம் தட்டினா ஆயிரம். டெஸ்ட் டோன் போட்டு ஸ்பீக்கர் முனைல மீட்டர் வச்சு பாத்தேன், ரெண்டுலயும் ஒரே வோல்டேஜ், வால்யூம் சமம். இத செய்யாம ஒப்பிட்டா பிரயோஜனம் இல்ல சார், கால் டெசிபல் சத்தம் கூட இருந்தாலே நம்ம காது அத சத்தம் அதிகம்னு சொல்லாது, இது தெளிவா இருக்குன்னு சொல்லும். கடைல டெமோ காட்டறப்ப யாரும் மீட்டர் வச்சு நான் பாத்ததில்ல.

மச்சினன் பொண்ணு பிளஸ் டூ படிக்குது, அதுதான் நடுவர். ஷோகேஸ் முன்னாடி போர்வைய கட்டி தொங்கவிட்டு அதுக்கு பின்னாடி சுவிட்ச் பக்கத்துல உக்காந்துக்கிச்சு. ஒவ்வொரு தடவையும் காசு சுண்டும், தலை விழுந்தா ஒண்ணு பூ விழுந்தா இன்னொண்ணு, நோட்டுல எழுதிக்கும், வாயத் தொறக்கக் கூடாது. மாமா, நீங்களும் எட்டிப் பாக்கக் கூடாது, உங்க மூஞ்சியப் பாத்தே அப்பா கண்டுபிடிச்சுடுவாருன்னு என்னையும் அடுப்படிக்கு தொரத்திடுச்சு, புத்திசாலிப் பொண்ணு. பாட்டு மச்சினனே செலக்ட் பண்ணது, எவ்வளவு நேரம் வேணா கேக்கலாம், பன்னெண்டு தடவை. மொத மூணு தடவை டக்கு டக்குனு சொன்னான். அஞ்சாவதுக்கு மேல ஒருதடவை கூட போடு, இன்னொருதடவை கூட போடுன்னு ஆரம்பிச்சுட்டான். எட்டாவதுல கண்ண மூடிக்கிட்டு ரெண்டு நிமிஷம் உக்காந்திருந்தான். கடைசில நோட்ட பாத்தா பன்னெண்டுக்கு ஏழு சரி. அவனுக்கு சந்தோஷம், பாத்தீங்களா பாதிக்கு மேலன்னான். பொண்ணு பேனாவ எடுத்து கணக்கு போட்டு காட்டுச்சு, ஒண்ணுமே கேக்காம சும்மா காசு சுண்டி பதில் சொன்னா கூட பத்துக்கு நாலு தடவை ஏழோ அதுக்கு மேலயோ வரும்ப்பான்னு. அப்புறம் நான் உக்காந்தேன், எனக்கு அஞ்சு! என் காதுக்கு வயசாயிடுச்சு, அது வேற விஷயம்.

இது எங்க வீட்டு கூத்து மட்டும் இல்ல. 1983லயே அமெரிக்கால ஸ்டீரியோ ரிவ்யூங்கற பத்திரிகை இந்த மாதிரி மறைச்சு வச்சு கேட்டுப் பாத்து எழுதிட்டாங்க. அப்பதான் மான்ஸ்டர் கேபிள் வந்து அங்க நாலஞ்சு வருஷம், அதுக்கு முன்னாடி டேபிள் லைட்டுக்கு போடற ஒயரத்தான் எல்லாரும் ஸ்பீக்கருக்கும் போட்டுக்கிட்டு இருந்தாங்க. 24 கேஜ், அதாவது நூல் மாதிரி ஒயர் (கேஜ் நம்பர் கொறைய கொறைய ஒயர் குண்டாகும்), அத கண்டுபிடிக்க முடிஞ்சுது. 16 கேஜ் சாதா ஒயருக்கும் குண்டு கேபிளுக்கும் பாட்டு போட்டா நம்பி சொல்ற அளவுக்கு வித்தியாசம் பிடிபடல. 2007ல ஜேம்ஸ் ராண்டின்னு மேஜிக்காரர், பத்து லட்சம் டாலர் பந்தயம் கட்டி வச்சிருந்தவர், 7,250 டாலர் விலை வச்ச ஒரு ஸ்பீக்கர் கேபிள சாதா கேபிளோட மறைச்சு வச்சு கேட்டு கண்டுபிடிச்சா பணம் உங்களுக்குன்னு கூப்பிட்டாரு, பேச்சு வார்த்தை நடந்துச்சு, டெஸ்ட் நடக்காமலே முடிஞ்சு போச்சு.

உங்க கட்டுரைல வெள்ளி கேபிள் பத்தி ஒரு பெட்டிச் செய்தி இருந்துச்சு. வெள்ளி செம்ப விட நல்லா கடத்தும், சரி, ஆனா எவ்வளவு? ஆறு சதவீதம் போல. அந்த ஆறு சதவீதத்த செம்பு ஒயர் ஒரு பொடி குண்டா வாங்கி சரிக்கட்டிடலாம், வெள்ளிய பொண்டாட்டிக்கு கொலுசா வாங்கிக் குடுங்க. ஸ்கின் எஃபெக்ட் பயமும் அதே மாதிரிதான். உச்ச சுருதில கரண்டு ஒயரோட மேல் தோல் பக்கமா ஒதுங்கும்ங்கறது உண்மை, 20,000 ஹெர்ட்ஸ்ல அந்த ஆழம் செம்புல அரை மில்லிமீட்டருக்கு கொஞ்சம் கம்மி. அதனால ஒயரோட ரெசிஸ்டன்ஸ் கால்வாசி கூடுச்சுன்னே வச்சுக்கங்க, 0.064 ஓம் 0.08 ஆகும், அங்க நிக்கற ஸ்பீக்கர் எட்டு ஓம். அப்புறம் இந்தப் பக்கமாத்தான் மாட்டணும்னு கேபிள் மேல போடற அம்புக்குறி. ஸ்பீக்கர் ஒயர்ல கரண்டு ஒரே பக்கமா போறதே இல்ல, செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை போயி போயி திரும்புது, அதுக்கு எதுக்கு ஒன்வே போர்டு? பிளேயர்லேருந்து ஆம்ப்ளிஃபயருக்கு போற ஆர்சிஏ கேபிள்ல சிலதுல அம்பு போட காரணம் உண்டு, ஷீல்ட (உள் ஒயர சுத்தியிருக்கற கம்பி வலை) ஒரு முனைல மட்டும் சேத்திருப்பாங்க, அத தப்பு சொல்ல மாட்டேன்.

கேபிள் நெஜமாவே சத்தத்த மாத்தற எடம் ஒண்ணு இருக்கு, அத உங்க கட்டுரை தொடவே இல்ல. எல்பி ரெக்கார்டு பிளேயர். இப்ப திரும்பவும் நெறைய பேர் வாங்கறாங்க. அதுல மூவிங் மேக்னட் ஊசின்னா (ஊசியோட குட்டி காந்தம் ஆடற வகை) உள்ள காயில் பெருசு, அதோட இண்டக்டன்ஸ்ங்கற அளவு 500 மில்லி ஹென்றி கூட இருக்கும், அதோட கேபிளோட கெபாசிட்டன்ஸ் (கேபிள் தனக்குள்ள சார்ஜ புடிச்சு வைக்கற அளவு, பிகோ ஃபாரட்ல சொல்லுவாங்க) சேர்ந்து உச்ச சுருதில ஒரு மேடு கட்டும். மொத்தம் 200 பிகோ ஃபாரட் இருந்தா அந்த மேடு 16,000 ஹெர்ட்ஸ் பக்கம், 400 ஆனா 11,000 பக்கம் எறங்கி வந்துடும், டிரம் செட்ல தட்டற சிம்பல் தட்டு சத்தம் ஒரு மாதிரி கீச்சுன்னு ஆகி அதுக்கு மேல மழுங்கிப் போகும். சாதாரண ஷீல்ட் கேபிள் மீட்டருக்கு நூறு பிகோ ஃபாரட் பக்கம் வரும், அதனால அங்க ரெண்டு மீட்டர் கேபிள அரை மீட்டரா வெட்டினா காதுக்கே தெரியும், காசும் செலவில்ல. அதே கேபிள சிடி பிளேயர்ல போட்டா அந்த பாதிப்பு பல லட்சம் ஹெர்ட்ஸ்லதான் ஆரம்பிக்கும், நாய்க்கு கூட கேக்காது.

இன்னொண்ணு ஹம். ஊம்ம்ம்னு அடியில ஒரு இரைச்சல் வருதுன்னு கேபிள மாத்திக்கிட்டே இருக்கறவங்கள எனக்கு தெரியும். நம்ம வீடுகள்ல பாதி கேஸ் டிவிதான். டிவிலேருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஆடியோ எடுத்திருப்பாங்க, டிவிக்குள்ள தெருவுலேருந்து வர்ற கேபிள் டிவி ஒயர் இருக்கும், அதோட ஷீல்ட் எங்கயோ ஒரு எர்த்தோட சேர்ந்திருக்கும், ஆம்ப்ளிஃபயர் இன்னொரு எர்த்துல நிக்கும், ரெண்டுக்கும் நடுவுல 50 ஹெர்ட்ஸ் சுத்தி வரும். அந்த கேபிள் டிவி ஒயர பிடுங்கிப் பாருங்க, இரைச்சல் நின்னா ஆள் அவன்தான், ஐசொலேட்டர்னு (ரெண்டு எர்த்தையும் பிரிச்சு விடறது) கேட்டு ஒண்ணு வாங்கி நடுவுல போடுங்க. மூணு பின் பிளக்குல எர்த் பின்ன ஒடிச்சா ஹம் போகும்னு எவனாச்சும் சொன்னா கேக்காதீங்க, ஹம் போகும், ஷாக் அடிச்சு ஆளும் போயிடுவான்.

ஏமாத்து வேலை உண்மைல எங்க நடக்குதுன்னா விலை கம்மி கேபிள்ல. செம்பு ஸ்பீக்கர் ஒயர்னு ட்ரான்ஸ்பரன்ட் பிவிசிக்குள்ள பளபளன்னு தெரியும், வாங்கி முனைய பிளேடால சொரண்டிப் பாத்தா உள்ள வெள்ளையா இருக்கும், அலுமினியத்துக்கு மேல செம்பு முலாம். அலுமினியத்தோட ரெசிஸ்டன்ஸ் செம்ப விட ஒண்ணரை மடங்குக்கு மேல, அதோட டெர்மினல்ல முறுக்கினா இழை பொட்டு பொட்டுனு ஒடியும். கைல எடை போட்டாலே தெரிஞ்சிடும், சுருள் லேசா இருக்கும். நானே ஒருதடவை மொத்தமா ரெண்டு சுருள் வாங்கி ஏமாந்து, ஒரு கல்யாண வீட்ல நாதஸ்வரம் நடுவுல ஒரு பக்க பாக்ஸ் செத்துப்போயி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககிட்ட வாங்கின பேச்சு இன்னும் காதுல இருக்கு. உங்க பக்கத்துல எடம் இருந்தா இத போடுங்க சார், நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்.

காசு இருக்கறவங்க எந்த கேபிள் வேணா வாங்கட்டும், பாக்க அழகா இருக்கு, பிளக் கெட்டியா இருக்கு, நான் வேணாம்னு சொல்ல யாரு. ஆனா பேப்பர்ல அச்சடிச்சு வந்தா சனம் நம்புது, அதனால அடுத்த தடவை இந்த மாதிரி கட்டுரை போட்டா மறைச்சு வச்சு கேட்டீங்களா, வால்யூம் சமமா இருந்துச்சான்னு எழுதறவர ஒரு வார்த்தை கேட்டுட்டு போடுங்க. மச்சினன் ஹால் முழுக்க மொசைக் தரை, வெறுஞ்சுவரு, கை தட்டினா கணகணன்னு எதிரொலிக்குது. அன்னிக்கு டெஸ்டுக்கு கட்டின போர்வை ஷோகேஸ் முன்னாடி தொங்கினப்ப பாட்டு கொஞ்சம் அடங்கி நல்லா இருந்துச்சுன்னு அவன் பொண்ணுதான் சொல்லுச்சு, இப்ப ஜன்னலுக்கு கனமா ஒரு ஸ்கிரீனும் சோபா அடியில ஒரு ஜமுக்காளமும் போட்டிருக்காங்க. ஸ்பீக்கர சுவத்த விட்டு ஒண்ணரை அடி முன்னாடி இழுத்து வச்சோம்.

கேபிள கடைல திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க, பாக்கெட் பிரிச்சாச்சாம். அதனால அதுவேதான் மாட்டியிருக்கு. ஆயிரம் ரூபாய் ஒயர நான் சுருட்டி எடுத்துட்டு வந்துட்டேன், சுவிட்ச மட்டும் பொண்ணு பிராக்டிகலுக்கு வேணும்னு வாங்கிக்கிச்சு.

இப்படிக்கு,
பழைய மைக் செட்காரன்,
திண்டுக்கல்.